குழாயைத் தின்னும் கசிவு

சென்ற வாரம் இப்பகுதியில் நம் குடாநாட்டுக் கிணறுகளைப் பற்றி எழுதியிருந்தோம். அதனைப் படித்த மாணவர் ஒருவர் நமக்கொரு வினாவை விடுத்துள்ளார். "நிலத்தின்கீழ்ப் புதைத்த நீர்க்குழாயிற் சிறு கசிவு உண்டானால் நீர் வீணாகும் என்பது விளங்குகின்றது. ஆயினும் குழாய்க்கு அதனால் விளையும் கேடு யாது?" என்பதே அவ்வினா.

வினா சிறிது, விடை பெரிது. நீர்க்கசிவு என்றவுடன் சிந்திப்போகும் நீரையே நாம் எண்ணுகின்றோம். சிந்திய நீர் நிலத்துட் சென்று என்ன செய்கின்றது என்பதை எண்ணுவாரில்லை. உண்மை யாதெனின், கசிவு குழாயின் ஒரு குறை மட்டுமன்று. அது குழாயை நாள்தோறும் அழிக்கும் ஒரு கருவியுமாகும். தன்னைத் தாங்கும் மண்ணையும், தன் சுவரையும், தன் அயலிற் கிடக்கும் பிற குழாய்களையும், ஈற்றில் தன்னுள் ஓடும் நீரின் தூய்மையையும் அது கெடுக்கும். இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

துளையின் வலிமை

முதலில் ஒரு சிறு கணக்கு. துளையொன்றினூடாக வெளியேறும் நீரின் வேகம், அத்துளைக்கு மேலே நிற்கும் நீரின் உயரத்தைப் பொறுத்தது என்பதை இத்தாலிய அறிஞரான தொரிசெல்லி 1644ஆம் ஆண்டில் வெளியிட்டார். மேனிலை வகுப்பு மாணவர் இவ்விதியை நன்கறிவர். நீர்த்தாங்கியொன்றின் நீர்மட்டம் குழாயினும் 30 மீற்றர் உயரத்தில் உள்ளதெனக் கொள்வோம். அக்குழாயின் துளையிலிருந்து நீர் செக்கனுக்கு ஏறத்தாழ 24 மீற்றர் வேகத்திற் பாயும். இது மணித்தியாலத்திற்கு 87 கிலோமீற்றர். நெடுஞ்சாலையில் விரையும் பேருந்தின் வேகம்.

துளையின் விட்டம் 3 மில்லிமீற்றர் என்க. ஓர் உளுந்து நுழையுமளவு துளை. துளையினூடே நீர் சுருங்கிப் பாய்வதற்கு வேண்டிய கழிவையும் விட்டுக் கணக்கிட்டால், செக்கனுக்கு ஒரு இலீற்றரிற் பத்திலொரு பங்கு நீர் வெளியேறும். செக்கனுக்குப் பத்திலொரு பங்கென்றால் அற்பமாகவே தோன்றும். ஆனால் ஒரு நாளில் அது ஏறக்குறைய 8,900 இலீற்றராகின்றது. ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 100 இலீற்றர் எனக் கொண்டால், ஏறத்தாழ 90 பேரின் நீரை இவ்வுளுந்தளவு துளை உண்டுவிடுகின்றது.

துளை நிலத்தின்கீழ் இருப்பதால் மண் அதனை அடைத்துவிடாதா என்று கேட்கலாம். அடைத்துவிடுவதில்லை. அடைப்பதற்குப் பதிலாக அம்மண் என்ன செய்கின்றது என்பதே இனி நாம் காணப்போவது.

மணல் அரமாகின்றது

துளையிலிருந்து சீறும் நீர் தன் முன்னுள்ள மண்ணைக் கிளறி, மணற் பருக்கைகளை ஒன்றையொன்று தொடாதவாறு பிரித்து, உலையிற் கொதிக்கும் அரிசி போலச் சுழலச் செய்கின்றது. இவ்வண்ணம் மண் நீரோடு சேர்ந்து நீர்மம் போலவே இயங்கும் சிறு குழியொன்று துளையின் வாயில் உண்டாகின்றது. மண்ணுக்குப் பதிலாகச் சிறு கண்ணாடி மணிகளை நிரப்பி, அடியில் ஒரு துளையால் நீரைச் செலுத்தி, இந்நிகழ்ச்சியை ஆராய்ச்சியாளர் ஆய்வுகூடத்தில் நேரிற் கண்டுள்ளனர். குழிக்கு அப்பாலுள்ள மணிகள் அசையாது கிடக்க, குழிக்குள் மட்டும் மணிகள் ஓயாது சுழன்றன. பாயும் நீரின் ஆற்றலிற் பெரும்பகுதி அச்சிறு குழிக்குள்ளேயே செலவாகி முடிந்தது.

அங்ஙனம் சுழலும் பருக்கைகள் எங்கே மோதும்? துளையின் விளிம்பிலும், குழாயின் வெளிச்சுவரிலுமே மோதும். மணல் என்பது பெரும்பாலும் படிகக்கல்லின் துகள். இரும்பைத் தேய்க்கும் வன்மையுடையது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பர். இங்கே ஊர்வது எறும்பன்று. இரவும் பகலும் ஓயாது சுழலும் மணல். குழாயின் உட்புறம் புத்தம்புதிதாகத் தோன்ற, வெளிப்புறம் அரம் கொண்டு அராவியதுபோலத் தேய்ந்து, உளுந்தளவு துளை நாளடைவில் விரல் நுழையும் துளையாகின்றது. துளை விட்டத்தில் இருமடங்காயின், வெளியேறும் நீர் நான்மடங்காகும் என்பதையும் மாணவர் மறவாதிருத்தல் வேண்டும்.

படுக்கை போனாற் குழாய் முறியும்

புதைத்த குழாய் தன் வலிமையால் மட்டும் நிலைத்திருப்பதில்லை. அடியிலும் இருமருங்கிலும் இறுக்கி இடப்பட்ட மண்ணே அதன் படுக்கை. மேலே செல்லும் வண்டியின் பாரத்தையும், தன்மேற் கிடக்கும் மண்ணின் பாரத்தையும் அப்படுக்கையோடு பகிர்ந்தே குழாய் தாங்குகின்றது.

கசியும் நீர் இப்படுக்கையை நனைத்து இளக்குகின்றது. அயலிலே வெடிப்புள்ள வடிகாலோ, பழைய கழிவுநீர்க் குழாயோ இருக்குமாயின், நீர் அதனுட் புகுந்து ஓடும். ஓடும்போது நுண்மணலையும் உடன் கொண்டேகும். மண் போன இடம் வெற்றிடமாகும். வெளியே வீதி எவ்வித மாற்றமுமின்றிக் கிடக்க, உள்ளே குழாய் இரு கரைகளுக்கிடையே இட்ட பனைமரப் பாலம் போலத் தொங்கி நிற்கும். அப்போது வளைவு உண்டாகின்றது. வளையும் குழாயின் மேற்பக்கம் நெருக்கப்படும், கீழ்ப்பக்கம் இழுக்கப்படும். வார்ப்பிரும்பு நெருக்கலை நன்கு தாங்குமேனும், இழுவையை அத்துணை தாங்கமாட்டாது. ஆதலின் பாரமேற்றிய வண்டியொன்று செல்லும் வேளையில், குழாய் தன்னைச் சுற்றி வளையம் போல வெடித்து இரு துண்டாகின்றது. சிறு விட்டமுடைய வார்ப்பிரும்புக் குழாய்கள் பெரும்பாலும் இவ்வண்ணமே முறிகின்றன.

மக்கள் மறுநாட் காலையில் வீதியிற் பாயும் வெள்ளத்தைக் கண்டு, "நேற்றுச் சென்ற வண்டி குழாயை உடைத்துவிட்டது" என்பர். வண்டி இறுதி அடியை மட்டுமே கொடுத்தது. அதற்குப் பல மாதங்களுக்கு முன்னரே கசிவு வேலையைத் தொடங்கிவிட்டது. குழாய்க்கு மேலேயுள்ள வீதியே திடீரெனக் குழிந்து விழுவதற்கும் இதுவே பலவிடங்களிற் காரணமாகின்றது.

இரும்பைத் தின்னும் ஈரம்

இனி இரசாயன வழியாக நிகழும் கேட்டைக் காண்போம். பிரான்சு நாட்டின் வேர்சாய் அரண்மனைக்கு நீர் கொண்டுசெல்ல 1664ஆம் ஆண்டில் இடப்பட்ட வார்ப்பிரும்புக் குழாய்கள் 300 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. ஆகவே வயது முதிர்ந்தமையால் மட்டும் இரும்புக் குழாய் அழிவதில்லை. அது கிடக்கும் மண்ணின் தன்மையே அதன் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. கசிவோ அம்மண்ணின் தன்மையையே மாற்றிவிடுகின்றது.

உலர்ந்த மண் மின்னோட்டத்தை எளிதிற் கடத்தாது. ஈரமான மண், அதிலும் உப்புக் கரைந்த மண், நன்கு கடத்தும். ஒரே குழாயின் ஒரு பகுதி கசிவால் நனைந்து காற்றோட்டமற்ற சேற்றிற் கிடக்க, மற்றொரு பகுதி காற்றோட்டமுள்ள மண்ணிற் கிடக்குமாயின், அவ்விரண்டிற்குமிடையே ஒட்சிசனின் அளவு வேறுபடும். அவ்வேறுபாடே ஒரு மின்கலத்தை ஆக்கிவிடும். ஒட்சிசன் குறைந்த பகுதி அனோட்டாகவும், மிகுந்த பகுதி கதோட்டாகவும் தொழிற்படும். அனோட்டாகிய பகுதியில் இரும்பு கரைந்து மண்ணுட் செல்லும். துருப்பிடிப்பதற்கு ஒட்சிசன் வேண்டுமென்று படித்த மாணவர், ஒட்சிசன் குறைந்த இடத்திலேயே குழாய் அரிக்கப்படுகின்றதென்பது கண்டு வியத்தல் கூடும். ஒட்சிசன் வேண்டியதுதான், ஆயின் அது இரும்பு கரையும் இடத்திலேயே இருக்கவேண்டுமென்பதில்லை.

வார்ப்பிரும்பில் இவ்வரிப்பு ஒரு வஞ்சகமான உருவிற் தோன்றும். வார்ப்பிரும்பிலே இரும்போடு பென்சிற் கரியாகிய காரீயமும் கலந்துள்ளது. இரும்பு மட்டும் கரைந்து போக, காரீயம் அவ்விடத்திலேயே பழைய வடிவத்தோடு நின்றுவிடும். குழாய் முழுமையாகவே தோன்றும். பேனாக்கத்தி கொண்டு சுரண்டினாலோ பென்சில் சீவுவதுபோற் சீவிவிடலாம். அத்தகைய குழாய், அமுக்கம் சற்று மிகுந்ததும் நொறுங்கிவிடும்.

ஒட்சிசன் முற்றாக அற்ற ஈரக் களிமண்ணிலும் வார்ப்பிரும்புக் குழாய்கள் இங்ஙனம் கெட்டுப்போவது ஏன் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. ஒல்லாந்து அறிஞரான வொன் வொல்சோகன் கியூர், வான் டெர் விளுக்ட் என்னும் இருவர் 1934ஆம் ஆண்டில் அதற்கு விடை கூறினர். காற்றின்றி வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் மண்ணிலுள்ள சல்பேற்றுக்களைச் சல்பைட்டுக்களாக மாற்றுகின்றன; அவ்வாழ்க்கைத் தொழிலோடு இரும்பின் அரிப்பும் இணைந்து நடைபெறுகின்றது என்று காட்டினர். அவ்வாறு கெட்ட குழாயைத் தோண்டியெடுத்தால், சுற்றியுள்ள மண் கறுத்து, கூழ்முட்டை நாற்றம் வீசும். கசிவால் என்றும் நனைந்து கிடக்கும் மண், அப்பற்றீரியாக்களுக்கு விருந்தளிக்கும் இல்லமாகும்.

"இக்காலத்துக் குழாய்கள் பிளாத்திக்கால் ஆனவை, அவை துருப்பிடியா" எனச் சிலர் கூறலாம். மெய்தான். ஆயினும் மண் இளகித் தாழ்ந்தால் அவற்றின் மூட்டுகள் கோணும். மூட்டிலுள்ள றப்பர் வளையம் இடம்பெயரும். அடியிலே கூர்ங்கல் இருப்பின் அது குழாயை உறுத்தும். அன்றியும் பிளாத்திக்கில் உண்டாகும் வெடிப்பு, அமுக்கம் ஏற ஏற வாய் விரியும் இயல்புடையது. வட்டத் துளையில் அமுக்கம் இருமடங்காயின் கசிவு ஒன்றரை மடங்கு கூட ஆவதில்லை. வெடிப்பிலோ அது இருமடங்கிற்கும் மேலாதல் உண்டு. அமுக்கத்தைக் குறைத்தாற் கசிவு குறையும் என்று நீர் வழங்குவோர் கூறுவதன் பொருள் இதுவே.

அயலாருக்கும் கேடு

ஒரு குழாயின் கசிவு அடுத்த குழாயையும் விட்டுவைப்பதில்லை. நகர வீதிகளின் கீழே நீர்க்குழாய், கழிவுநீர்க் குழாய், மின்கம்பி, சில நாடுகளில் எரிவாயுக் குழாய் என்பன நெருங்கிக் கிடக்கின்றன. மணலோடு சீறும் நீர்த்தாரை எதிரேயுள்ள குழாயிற் படுமாயின், அதனையும் துளைத்துவிடும். 2022ஆம் ஆண்டு திசம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் செபீல்டு நகரைச் சார்ந்த ஸ்ரானிங்டன் என்னுமிடத்தில், பெருநீர்க்குழாயொன்று வெடித்தது; அதனால் எரிவாயுக் குழாயும் சேதமுற, அதனுள் நீர் வெள்ளமெனப் புகுந்தது. ஏறக்குறைய 2,000 வீடுகள் கடுங்குளிர்க் காலத்தில் அடுப்பும் கணப்பும் இன்றி நாட்கணக்கில் வாடின. எரிவாயுக் குழாய்களிலிருந்து நீரை இறைத்தெடுப்பதே பெரும்பணியாயிற்று.

வெளியேறும் வழி உட்புகும் வழியாதல்

இதுகாறும் கூறியவை பொருளுக்கு வரும் கேடுகள். உயிருக்கு வரும் கேடு ஒன்று உண்டு. அதனையே பெற்றோர் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும்.

குழாயினுள் அமுக்கம் வெளியினும் மிகுந்திருக்கும்வரை நீர் துளையின் வழியே வெளியேறும். அமுக்கம் தாழ்ந்துவிட்டால் அத்துளையே வெளிநீரை உள்ளிழுக்கும் வாயாகிவிடும். பம்பி திடீரென நின்றாலும், அயலிலே பெருங்குழாய் முறிந்தாலும், நாளிற் சில மணித்தியாலம் மட்டுமே நீர் திறந்து பின்னர் அடைக்கப்பட்டாலும் இந்நிலை நேரும். மேட்டிலிருந்து பள்ளத்திற்கு நீர் இறங்கி ஓடும்போது, மேட்டிலுள்ள குழாய் தன் துளைகளால் வெளியிலுள்ளதை உறிஞ்சும். குழாயைச் சுற்றிக் கிடப்பது தூய நீராயிருப்பின் தீங்கில்லை. அயல் வீட்டு மலக்குழியிலிருந்து ஊறிய நீராயிருப்பின் விளைவு யாது? நெருப்புக் காய்ச்சலும், வயிற்றோட்டமும், செங்கண்மாரியும் அவ்வழியே வீட்டிற்குள் வரும்.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கபூல் என்னும் சிற்றூரில், 1989ஆம் ஆண்டின் இறுதியிலும் 1990ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நிகழ்ந்ததை ஈண்டு நினைவூட்டுவோம். கடுங்குளிரில் அவ்வூரின் நீர்க்குழாய்கள் ஈரிடங்களில் முறிந்தன. நீர்மானிகள் பல மாற்றப்பட்டன. அக்காலத்தில் அவ்வூர் நீருக்குக் குளோரீன் இடும் வழக்கமில்லை. 243 பேர் கொடிய ஈ. கோலை பற்றீரியாவால் நோயுற்றனர். 4 பேர் இறந்தனர். நீர் வீணாயிற்று என்று மட்டும் எண்ணியிருக்கும் ஊரில், இறப்பும் அவ்வழியே புகலாம் என்பதற்கு இது சான்று.

செய்தவர் உளர்

இவற்றையெல்லாம் தடுத்தல் இயலுமா? இயலும். யப்பானின் தோக்கியோ நகரில் 1950-களின் நடுப்பகுதியில் நூற்றுக்கு 20 வீதமான நீர் கசிவாற் போயிற்று. இக்காலத்தில் அது 3 அல்லது 4 வீதமளவே. அவர்கள் மந்திரமொன்றும் செய்யவில்லை. பழைய குழாய்களை மாற்றினர். ஊர் உறங்கும் நள்ளிரவில், நீண்ட கோலொன்றின் ஒரு நுனியை நீர்க்குழாயின் அடைப்பானில் ஊன்றி, மறுநுனியைக் காதில் வைத்துக் கசிவின் ஒலியைக் கேட்டறியும் பயிற்சியாளரை வளர்த்தனர். வைத்தியர் நோயாளியின் மார்பொலியைக் கேட்பது போன்றதே இது.

செல்வ நாடொன்றின் கதை நமக்குப் பொருந்தாது என்பாருக்கு மற்றொரு நகரைக் காட்டுவோம். கம்போடியாவின் நொம்பென் நகரம் போராலும் கொடுங்கோன்மையாலும் சிதைந்து கிடந்தது. 1993ஆம் ஆண்டில் அந்நகருக்கு வழங்கப்பட்ட நீரில் நூற்றுக்கு 72 வீதம் கசிவாலும் களவாலும் கணக்கிற்கு வராது போயிற்று. அவ்வாண்டிலே நீர் வழங்கும் சபையின் பொறுப்பை ஏற்ற எக் சொன் சான் என்னும் பொறியியலாளர், ஒவ்வோர் இணைப்பிற்கும் நீர்மானி பொருத்தினார், களவைத் தடுத்தார், கசிவைத் தேடித் திருத்த அணிகளை அமைத்தார், அதிகாரம் உடையோரும் நீர்க்கட்டணம் செலுத்துமாறு செய்தார். 2010ஆம் ஆண்டளவில் அவ்விழப்பு ஏறக்குறைய 6 வீதமாயிற்று. இடைவிடாது 24 மணித்தியாலமும் நீர் வந்தது. அவருக்கு 2006ஆம் ஆண்டில் மகசேசே விருது வழங்கப்பட்டது. போரால் நலிந்த மக்களுக்கு இது ஆறுதல் தரும் செய்தியன்றோ?

நம் நாட்டிலே, கொழும்பு நகருக்கு 1880-களிலேயே லபுகம நீர்த்தேக்கத்தின் நீர் குழாய்வழி வரத் தொடங்கிற்று. அம்முதுமையின் சுமையையும் நகரம் சுமந்தது. 2010-களின் தொடக்கத்தில் அந்நகரிற் கணக்கிற்கு வராத நீர் ஏறக்குறைய அரைப்பங்காக இருந்தது. பின்னர் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு பழைய குழாய்களை மாற்றும் பெருவேலைகள் நடந்தன.

யாழ்ப்பாணத்தவர்க்கு இவ்விடயம் இப்போது புதிய பொருளுடையது. தலைமுறை தலைமுறையாகக் கிணற்றை நம்பி வாழ்ந்த நமக்குக் குழாய் புதிது. 2024ஆம் ஆண்டில் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் ஆக்கும் ஆற்றல் அதற்குண்டு. கடல்நீரைப் பேரமுக்கத்தாற் சவ்வுகளினூடாகச் செலுத்தியே உப்பை அகற்றுகின்றனர். அதற்கு மின்சாரம் மிகச் செலவாகும். ஆகவே அந்நீரின் ஒவ்வொரு துளியும் விலைகொடுத்து வாங்கியது. நம் நிலமோ வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணக்கல். பிறவிடங்களிற் கசிந்த நீர் மேலே ஊறித் தன்னைக் காட்டும். இங்கோ அது கீழ்நோக்கி இறங்கி மறைந்துவிடும். வீதி காய்ந்திருப்பதால் குழாய் நலமென்று எண்ணுதல் இங்கே பெரும் பிழையாகும். மலக்குழிகள் நெருங்கிய ஊர்களில், மேலே கூறிய உட்புகும் கேட்டையும் மறத்தலாகாது.

நாம் செய்யத்தக்கது

கசிவுகளிற் பெருந்தொகையானவை வீதியிலுள்ள பெருங்குழாயிலிருந்து வீட்டிற்குப் பிரியும் சிறு குழாய்களிலேயே நிகழ்கின்றன. அவற்றைக் கண்டறிய வீட்டாரும் உதவலாம். இரவு படுக்கச் செல்லுமுன் வீட்டிலுள்ள எல்லாப் பைப்புகளையும் பூட்டி, மேற்றாங்கிக்குச் செல்லும் வழியையும் அடைத்து, நீர்மானியின் இலக்கத்தைக் குறித்துக்கொள்க. விடியற்காலையில், ஒருவரும் நீர் எடுக்குமுன், மீண்டும் நோக்குக. இலக்கம் ஏறியிருப்பின், மானிக்கு இப்பால் எங்கோ கசிவுண்டு. பிள்ளைகளையே இதனைச் செய்யவிடுக. இராக்காலத்தின் மணித்தியாலங்களால் வகுத்து, நாளொன்றுக்கு எத்தனை இலீற்றர் என அவர்களே கணக்கிடட்டும்.

வீதியோரத்தில் மழையின்றியும் ஈரம் தோன்றினாலோ, ஓரிடத்திற் புல் மட்டும் பசுமையாகத் தழைத்திருந்தாலோ, வழக்கத்திற்கு மாறாகக் குழாய்நீர் கலங்கி வந்தாலோ, நீர் வழங்கல் அலுவலகத்திற்கு அன்றே அறிவித்தல் வேண்டும். "அடுத்த வீட்டார் அறிவிப்பர்" என ஒவ்வொருவரும் இருந்துவிட்டால் ஒருவரும் அறிவியார். நீர் கலங்கி வந்த நாளிற் கொதிக்கவைத்தே பருகுக.

திருத்துவோருக்கும் ஒரு சொல். துளையின்மேற் கவசம் பூட்டி மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் வேலை முடிந்ததாகாது. கழுவுண்டு போன படுக்கையை நல்ல மணலிட்டு, படைபடையாக இறுக்கி நிரப்புதல் வேண்டும். இல்லையேல் திருத்திய இடத்திற்கு அயலிலேயே குழாய் மறுபடி முறியும். அதே வீதியை அதே பணத்தில் மறுமுறையும் தோண்ட நேரும்.

குழாய் கண்ணுக்குத் தெரியாத இடத்திற் கிடப்பது. கண்ணுக்குத் தெரியாததைக் காக்கும் பழக்கம் நம்மிடையே குறைவு. கிணற்றை ஆண்டுதோறும் இறைத்துச் சேறெடுத்த நம் முன்னோர், நீர் உள்ளே கிடக்கும் இடத்தைப் பேணினர். அப்பேணுதலை இனி நாம் குழாய்க்கும் செய்தல் வேண்டும். இன்றிரவே நீர்மானியின் இலக்கத்தைக் குறித்துத் தொடங்கலாம்.